இருட்டில் தெரிகிற படம்

மானிட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், அறை விளக்கை அணைத்துவிட்டு, திரையின் மேல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மானிட்டரின் பவர் விளக்கும் எரிய வேண்டும். டார்ச் வெளிச்சம் விழுகிற வட்டத்துக்குள் ஃபோல்டர்களும், மூலையில் கடிகாரமும், பாதியில் விட்ட கடிதத்தின் வரிகளும் மங்கலாகத் தெரிந்தால் அந்த மானிட்டர் சாகவில்லை. படம் வந்துகொண்டுதான் இருக்கிறது. பின்னாலிருக்கும் விளக்குதான் எரியவில்லை.

கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுப் பழைய மானிட்டரில் இதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆன் செய்தால் இரண்டு நொடி பளிச்சென்று வரும், உடனே கறுத்துவிடும். சேவை மையத்தில் திறந்துகூடப் பார்க்காமல் பேனல் போய்விட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். எட்டிப் பார்க்காமலே ஒன்றைச் செத்தது என்று அறிவிப்பது எனக்கு மனசு ஒப்பாத காரியம். இரவு டார்ச் அடித்தேன். மகள் வைத்திருந்த வால்பேப்பர் முழுசாக அங்கே இருந்தது.

எல்சிடி திரை தானாக ஒளி உண்டாக்குவதில்லை. பின்னால் எரியும் விளக்கின் ஒளியை எங்கே விடுவது, எங்கே தடுப்பது என்பதுதான் அதன் வேலை. முன்னால் ஒரு முனைவாக்கித் தகடு, பின்னால் ஒன்று. ஒளி அலை எந்தத் திசையில் ஆடலாம் என்பதை இவை கட்டுப்படுத்துகின்றன. மலிவான மானிட்டர்களில் இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும். குறுக்காக வைத்தால் ஒளி கடக்காது. நடுவே இருக்கிற திரவப் படிகம் ஒளியின் ஆட்டத்தை 90 டிகிரி திருப்பிக் கொடுப்பதால் கடக்கிறது. மின்னழுத்தம் கொடுத்தால் திருகல் அவிழ்ந்து அந்தப் புள்ளி இருண்டுவிடும். 1971இல் ஷாட், ஹெல்ஃப்ரிஷ் என்ற இருவர் சுவிட்சர்லாந்திலிருந்து வெளியிட்ட ஏற்பாடு இது. டார்ச் ஒளி முன்பக்கமாக நுழைந்து, பின்னாலுள்ள வெள்ளைத் தாளில் பட்டு, அதே வாசல்கள் வழியாகத் திரும்பி வருகிறது. அதனால்தான் அந்த மங்கல் படம்.

இரண்டு நொடி வெளிச்சம் என்பது ஒரு தடயம். பழைய மானிட்டர்களில் பின்விளக்கு ஒல்லியான ஃபுளோரசன்ட் குழல். இன்வெர்ட்டர் என்கிற சின்ன போர்டு அதற்குப் பல நூறு வோல்ட் கொடுத்து எரியவைக்கிறது. கோளாறு உணர்ந்தால் தானே நிறுத்திக்கொள்ளும். குழல் தேய்ந்திருக்கலாம், அல்லது இன்வெர்ட்டருக்கு மின்சாரம் சீராக வராமல் இருக்கலாம். இரண்டாவதாக இருந்தால் குற்றவாளி அநேகமாக கண்டென்சர். சுருட்டிய அலுமினியத் தகடு, நடுவில் திரவம் ஊறிய காகிதம், மேலே வெட்டுக்கீறல் போட்ட மூடி. சூட்டில் திரவம் வற்றும், உள்ளே வாயு சேரும், மூடி உப்பும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட கண்டென்சர், வெப்பம் பத்து டிகிரி குறையக் குறைய இரட்டிப்பு ஆயுள் வாழும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்களின் கணக்கு. 65 டிகிரியில் 32,000 மணி. நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் ஒன்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. கல்கத்தா மே மாதத்தில், காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் வைத்த மானிட்டருக்கு அத்தனை வருஷம் கிடைக்காது.

திறப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். உள்ளே பெரிதாக நிற்கிற ஒரு கண்டென்சரில் 230 வோல்ட் மின்சாரம் நேர்மின்னோட்டமாக மாறி 325 வோல்ட் வரை தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்து, அது வடிந்துவிட்டது என்று தெரியாமல் விரலைக் கொண்டுபோகக் கூடாது. மற்றபடி ஒரு பழைய ஏடிஎம் அட்டையை விளிம்பில் செருகி நகர்த்தினால் பிளாஸ்டிக் கூடு கிளிக் கிளிக்கென்று விட்டுக்கொடுத்துவிடும்.

பவர் போர்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கண்டென்சர்கள் பூரி மாதிரி உப்பியிருந்தன. 1,000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட். மறுநாள் புதியது வாங்கச் சாந்தினி சந்தைக்குப் போனேன்.

மெட்ரோ விட்டு மேலே ஏறினால் நடைபாதையிலேயே ரிமோட்டும் அடாப்டரும் கழற்றிய போர்டுகளும் ஆரம்பித்துவிடும். உள்சந்துக் கடையில் பையன் பழைய கண்டென்சரைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, 105 டிகிரி சரக்குதான் போடணும், 85 போட்டால் அடுத்த பூஜைக்குள் திரும்ப வருவீங்க என்றான். வோல்ட் குறையக் கூடாது, உயரமும் இடிக்கக் கூடாது என்று அவனே ஒரு டப்பாவைக் கவிழ்த்துத் தேடிக் கொடுத்தான். சேவை மையத்தில் இல்லாத அக்கறை அந்த ஒரு நிமிஷத்தில் இருந்தது.

வெளியே வந்து சித்தரஞ்சன் அவென்யூவில் வடக்கே நடந்தேன். கொஞ்ச தூரத்தில் குறுக்கே வருவது பிபின் பிஹாரி கங்கூலி தெரு. பழைய பெயர் பௌபஜார் தெரு. அதில் 210ஆம் எண்ணில் இப்போது கோயங்கா வணிகவியல் கல்லூரி இருக்கிறது. நான் இந்த முகவரிக்குக் காரணமில்லாமலே போகிறவன். 1876இல் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இந்த எண்ணில்தான் இருந்தது. 1907இல் நிதித்துறை அதிகாரியாக வந்திருந்த இளைஞர் ராமன், டிராமில் போகும்போது அதன் பெயர்ப்பலகையைப் பார்த்து இறங்கினார். கதவைத் திறந்தவர் ஆசுதோஷ் டே. அதன் பிறகு ஆபீசுக்கு முன்னும் பின்னும் ராமன் அங்கேதான்.

டார்ச்சில் தெரிந்த மங்கல் படம் என்னை இழுத்துக்கொண்டு வந்தது 1928 பிப்ரவரிக்கு. ராமன் விளைவின் கண்டுபிடிப்பு என்றால் பிப்ரவரி 28 என்ற தேதியோடு பள்ளிக்கூடத்தில் முடித்துவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய மூன்று வாரங்கள். வத்திராயிருப்பிலிருந்து வந்து ராமனோடு வேலை செய்த கே.எஸ். கிருஷ்ணன் அந்த நாட்களுக்கு ஒரு நாட்குறிப்பு எழுதி வைத்திருந்தார். ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கண்ணை நம்பத் தொடங்குவதை அதில் பார்க்கலாம்.

சோதனை எளிமையானது. சூரிய ஒளியை ஒரு பெரிய தொலைநோக்கி லென்ஸ் வழியாகக் குவித்து, நீல ஊதா வடிகட்டி வைத்து, சுத்தமான திரவத்துக்குள் செலுத்துவது. ஒளி போகிற தடம் திரவத்தில் தெரியும். பிறகு கண்ணுக்கு முன்னால் மஞ்சள் பச்சை வடிகட்டியை வைப்பது. இரண்டு வடிகட்டிகளையும் சேர்த்துப் பிடித்தால் ஒளி துளியும் வராது. ஆகவே தடம் மறைய வேண்டும். மறையவில்லை. மிக மங்கலாக, ஆனால் உறுதியாக, இருந்தது.

இந்த மங்கலை முதலில் பார்த்தவர் கிருஷ்ணன் இல்லை. 1923இலேயே ராமனோடு வேலை செய்த கே.ஆர். ராமநாதன் இதைக் கண்டார். திரவத்தில் ஏதோ அழுக்கு ஒளிர்கிறது என்றுதான் எவருக்கும் தோன்றும். அவர் திரும்பத் திரும்பச் சுத்திகரித்துப் பார்த்தார், போகவில்லை. அதற்குப் பிறகு அதே கூடத்தின் வெங்கடேஸ்வரன் கிளிசரினைச் சுத்தப்படுத்திப் பார்த்தார். பசுமையான ஒளி, நன்றாக முனைவாக்கம் பெற்ற ஒளி வந்தது. அங்கேதான் பூட்டு திறந்தது. அழுக்கின் சாதாரண ஒளிர்வாக இருந்தால் இப்படி ஒரே திசையில் ஆடாது. கிருஷ்ணன் திரவம் திரவமாக மாற்றினார், ஒவ்வொன்றிலும் அதே மங்கல், அதே முனைவாக்கம்.

பிப்ரவரி 7. இரவுச் சாப்பாடு முடிந்து கிருஷ்ணனும் வெங்கடேஸ்வரனும் அறையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்பது மணிவாக்கில் வாசலில் கூப்பிடுகிற குரல். இறங்கிப் போனால் ராமன். காலையில் பார்த்தது இயற்பியலாளர்கள் கிராமர்ஸும் ஹைசன்பர்க்கும் காகிதத்தில் சொன்ன சிதறல்தான், இத்தனை நாள் நாம் தேடிக்கொண்டிருந்தது அதுதான் என்று சொல்வதற்காகப் பேராசிரியரே நேரில் வந்திருக்கிறார். வீட்டு வாசலில் நின்றபடியே கால் மணி நேரத்துக்கு மேல் மூவரும் பேசினார்கள். கல்கத்தாவின் ஒரு தெருவில், சாப்பாட்டுக் கை காயாத நேரத்தில், மூன்று தமிழர்கள் நின்று ஒரு மங்கல் ஒளியைப் பற்றிப் பேசிய அந்தக் கால் மணி நேரத்தை நான் எத்தனையோ தடவை கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். நோபல் பரிசு மேடையைவிட அது எனக்குப் பெரிது.

மூன்று வாரம் கழித்து, ஒளியைப் பிரித்துக் காட்டும் கருவி வழியாகப் பார்த்தார்கள். உள்ளே போன நிறத்துக்கும் புதிதாகப் பிறந்த நிறத்துக்கும் நடுவில் தெளிவாக ஓர் இருண்ட இடைவெளி. மார்ச் 31 நேச்சர் இதழில் கடிதம் வெளிவந்தபோது அறுபது திரவங்களில் சோதித்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து ஈயத்தை உருக்கி, பழைய கண்டென்சர்களை எடுத்து, பட்டை போட்ட பக்கம் எதிர்முனை என்று பார்த்துப் பார்த்துப் புதியவற்றை வைத்தேன். விளக்கு எரிந்தது, அணையவில்லை. மகள் அன்றே ஏதோ சினிமா பார்க்க உட்கார்ந்துவிட்டாள்.

ஆனால் திரவப் படிகம் என்று ஒரு தடவை வாயில் வந்துவிட்டால் ராமன் குடும்பத்தை அங்கேயே விட முடியாது. அவருடைய தங்கை சீதாலட்சுமியின் கணவர் தணிக்கைக் கணக்குத் துறையில் அதிகாரி. அவர்களின் பிள்ளைகளில் மூன்று பேர் இயற்பியலில் பெயர் வாங்கினார்கள், மூவரும் பிறந்தது கல்கத்தாவில். ராமசேஷன் 1923, சந்திரசேகர் 1930, பஞ்சரத்தினம் 1934.

பஞ்சரத்தினம் பெங்களூரில் மாமாவின் ஆய்வுக்கூடத்தில், முனைவாக்கம் பெற்ற ஒளிக்கற்றைகள் ஒன்றோடொன்று சேரும்போது என்ன ஆகிறது என்று ஆராய்ந்தார். 1956இல், 22 வயதில், ஒளியின் முனைவாக்கத்தை நிலை நிலையாக மாற்றிக்கொண்டே போய்ப் புறப்பட்ட நிலைக்குத் திரும்பக் கொண்டுவந்தாலும், சுற்றி வந்த பாதையின் வடிவத்தைப் பொறுத்து ஒரு கட்ட வேறுபாடு அதில் மிஞ்சுகிறது என்று காட்டினார். 1969இல் ஆக்ஸ்ஃபோர்டில் 35 வயதில் இறந்துபோனார். 1984இல் மைக்கேல் பெர்ரி குவாண்டம் இயக்கத்தில் அதையொத்த ஒன்றைக் கண்டு உலகமே பேசியபோது, 1986இல் கரண்ட் சயின்ஸ் இதழில் ராஜாராம் நித்யானந்தாவும் அண்ணன் ராமசேஷனும் சேர்ந்து, இதற்கு முன்னோடி இங்கே இருக்கிறது என்று எழுதினார்கள். பெர்ரி மறுவருஷமே பஞ்சரத்தினத்தின் கட்டுரையை எடுத்துக்கொண்டு விளக்கி எழுதி, முதன்மையை மனமாரக் கொடுத்தார். ஒரு தம்பியின் வேலை தொலைந்துபோகாமல் ஓர் அண்ணன் பார்த்துக்கொண்ட கதை. இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் தழுதழுக்கும்.

சந்திரசேகர் போனதுதான் திரவப் படிகத்துக்கு. 1888இல் ரெய்னிட்சர் பிராகில் முதல் திரவப் படிகத்தைக் கவனித்ததிலிருந்து, இந்த நிலைக்குக் குச்சி வடிவ மூலக்கூறுகளே வேண்டும் என்பது வழக்கமான எண்ணம். 1977இல் சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் மூவரும் பிரமாணா இதழில், தட்டு வடிவ மூலக்கூறுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூண் தூணாகத் திரவப் படிகமாகும் என்று காட்டினார்கள். தூய ஆராய்ச்சி, அதில் மானிட்டர் பற்றி ஒரு நினைப்பும் இல்லை. 1990களில் ஜப்பானின் ஃபூஜி நிறுவனம் தட்டு வடிவ மூலக்கூறுகளைப் பூசிய படலம் ஒன்றைத் தயாரித்தது. மலிவான எல்சிடி திரையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் கலங்குகிற குறையை அது வெகுவாகக் குறைத்தது. உலகம் முழுக்க மேஜைமேல் இருந்த எத்தனையோ மானிட்டர்களுக்குள் அந்தப் படலம் போனது.

அடுத்த முறை சாந்தினிக்குப் போனபோது, பழைய பேனல்கள் அடுக்கி வைத்திருந்த அந்தக் கடைப் பையனிடம் இதைச் சொன்னேன். இந்த ஊரில் பிறந்தவர் கண்ட வகைப் பொருள் உன் கடைக்குள்ளேயே எங்காவது இருக்கலாம் என்றேன். வேலையை நிறுத்திவிட்டு, எந்த வருஷத்துப் பேனல்களில் இருக்கும், தனியாக உரித்தெடுக்க முடியுமா என்று கேட்டான். முனைவாக்கித் தகட்டோடு ஒட்டியே வரும், உரிக்கப் போனால் கிழியும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஓரம் விரிசல்விட்ட ஒரு 17 அங்குலப் பேனலை எடுத்து பிளேடைக் கையில் பிடித்துவிட்டான். ஸ்டூலை இழுத்துப்போட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.