மோட்டார் நுழையாத மலைப் பாதைகள்

ஆல்ப்ஸ் மலை என்றதும் பனி மூடிய சிகரங்களும், கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு அவற்றின்மேல் ஏறும் தீரர்களுந்தான் நம்மில் பலருடைய மனக்கண்முன் தோன்றுவார்கள். ஆனால் அந்தச் சிகரங்களுக்கு வடக்கே, மலையும் சமவெளியும் கைகோத்து நிற்கும் இடத்தில், சாமானிய மனிதர்களுக்கென்றே அமைந்தாற்போல் வேறோர் உலகம் இருக்கிறது. பசுமை போர்த்த குன்றுகள், அவற்றினிடையே நீல நிற ஏரிகள், ஊசியிலை மரங்கள் அடர்ந்த காடுகள் இவையே அவ்வுலகம். காடுகளின் ஊடே வெண்ணிறச் சரளைக் கல் பரப்பிய பாதைகள் வளைந்து வளைந்து செல்கின்றன. அங்கே நடந்து செல்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் ராஜ மரியாதை. பொதுஜனங்களின் மோட்டார் வண்டிக்கோ அனுமதியில்லை.

ஜெர்மனியின் தென்கோடியிலுள்ள பவேரியா ராஜ்யத்தில் இத்தகைய பாதைகள் ஏராளம். தலைநகரான மியூனிக்கிலிருந்து தெற்கு நோக்கிச் சுமார் ஒரு மணி நேரம் ரயிலில் சென்றால் லெங்க்ரீஸ் என்ற ஊரை அடையலாம். இருப்புப் பாதை அங்கேயே முடிவடைகிறது. சைக்கிளையும் ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம்.

ஊரை ஒட்டி இஸார் நதி ஓடுகிறது. பச்சை மணியைக் கரைத்து விட்டாற்போன்ற நீர். இரு புறமும் வெள்ளை வெளேரென்ற கூழாங்கற்கள். முற்காலத்தில் மலைக்காட்டு மரங்களைத் தெப்பமாகக் கட்டி, இந்நதியின் வழியாகவே மியூனிக் நகருக்குக் கொண்டு சேர்த்தார்கள். இந்தத் தெப்பத் தொழிலை 2022-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

நதிக்கு ஒரு சோகக் கதையும் உண்டு. 1924-இல் வேலை தொடங்கிய வால்ஹன்ஸே மின்சார நிலையத்துக்காக, மேலேயே அதன் நீரைத் திருப்பிவிட்டார்கள். நதி மெலிந்தது. பின்னர் 1954 முதல் 1959 வரையில் லெங்க்ரீஸுக்குத் தெற்கே ஸில்வன்ஸ்டைன் அணையைக் கட்டினார்கள். வெள்ளக் காலத்தில் நீரைத் தேக்குவதற்கும், வறண்ட காலத்தில் நதிக்கு நீர் விடுவதற்கும் அது உதவுகிறது. ஆயினும் ஃபால் என்னும் சிற்றூர் இருந்த இடம் அந்தத் தேக்கத்தில் மூழ்கிப் போயிற்று. ஊரார் உயரமான இடத்தில் புதிய ஊர் அமைத்துக் குடியேறினார்கள்.

லெங்க்ரீஸிலிருந்து கிழக்கே ஓர் ஓடைப் பள்ளத்தாக்கின் வழியாகப் பாதை ஏறுகிறது. காட்டின் வாயிலில் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பம். அதன் ஓரமாக ஓர் ஆளும் ஒரு சைக்கிளும் நுழையும்படி வழி விட்டிருக்கிறார்கள். கம்பத்தைத் தாண்டியதும் நகரத்தின் ஓசை அடங்கிவிடுகிறது. சக்கரத்தின் கீழே சரளை நெரியும் சத்தமும், ஓடையின் சலசலப்புமே காதில் விழுகின்றன.

இந்தப் பாதைகள் உல்லாசப் பிரயாணிகளுக்காகப் போடப்பட்டவை அல்ல. வெட்டிய மரத்தை இறக்குவதற்கும், மலைமேலுள்ள மேய்ச்சல் நிலங்களுக்குச் செல்வதற்குமே போடப்பட்டவை. ஆகையால் வேலை நாட்களில் மரம் ஏற்றிய லாரியோ, குடியானவரின் வண்டியோ எதிர்ப்படக் கூடும்; வளைவுகளில் எச்சரிக்கை வேண்டும். பாதையை நடுவில் சற்று மேடாகவும் ஓரங்களில் சரிவாகவும் அமைத்திருக்கிறார்கள். மழை நீரை ஒதுக்கிவிடக் குறுக்கே சிறு கால்வாய்களும் உண்டு. மலைச் சாலைக்குச் சத்துரு தண்ணீர்தான். அது தேங்கினாலும் கெடுதல், பாதைமேல் ஓடினாலும் கெடுதல். இறக்கத்தில் வரும் சைக்கிள்காரர் குறுக்குக் கால்வாயைக் கவனியாவிட்டாலும், உதிரிச் சரளைமேல் முன் சக்கரத்துப் பிரேக்கைச் சட்டென்று அழுத்தினாலும் மண்ணை முத்தமிட நேரும். அகலமான டயரும் நிதானமுமே இங்கே துணை.

லெங்க்ரீஸ் கடல் மட்டத்துக்குச் சுமார் 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாதை 1,200 மீட்டருக்கு மேல் ஏறி ஒரு கணவாயைக் கடந்து, மறுபுறம் ஸோல்பாக் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. வழியில் 'ஆல்ம்' என்று அவர்கள் அழைக்கும் மேய்ச்சல் நிலங்கள். வேனிற்காலம் தொடங்கியதும் பசுக்களை மேலே ஓட்டிச் செல்கிறார்கள். செப்டம்பர் வாக்கில் கீழே அழைத்து வருகிறார்கள். அந்தப் பருவத்தில் மந்தைக்கு எவ்விதத் துர்ச்சம்பவமும் நேராதிருந்தால், பசுக்களுக்கு மலர்க் கிரீடம் சூட்டி ஊர்வலமாகக் கொண்டுவருவது வழக்கம். மேய்ச்சற்குடிசை சிலவற்றில், களைத்து வருகிறவர்களுக்கு மோர் கிடைக்கும். ஏற்றம் ஏறி வந்தவனுக்கு அது அமிர்தந்தான்! வேலிக் கதவைத் திறந்தவர் மறுபடி மூடிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

பள்ளத்தாக்கின் முடிவில் டெகர்ன்ஸே ஏரி கண்ணுக்கு விருந்தாகிறது. எட்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத் துறவிகள் மடம் ஒன்றை ஸ்தாபித்த கரை அது. ஏரியைச் சுற்றிச் சென்றால் டெகர்ன்ஸே ஊரிலிருந்து மியூனிக் திரும்ப ரயில் காத்திருக்கும்.

இயற்கை அழகைக் காட்டிலும் நம் சிந்தனையைக் கிளறும் விஷயம் ஒன்று உண்டு. இந்தக் காடுகளுள் சில சர்க்காருக்குச் சொந்தம். சில தனி மனிதர்களுக்குச் சொந்தம். யாருக்குச் சொந்தமானாலும் உள்ளே செல்லும் உரிமை எல்லாருக்கும் உண்டு. பவேரியாவின் அரசியல் சட்டத்து 141-ஆம் ஷரத்து அதை உறுதி செய்கிறது. காட்டிலும் மலை மேய்ச்சல் நிலத்திலும் நடமாடவும், தானே விளையும் காட்டுக் கனிகளை அந்தந்த இடத்து வழக்கப்படி பறித்துக்கொள்ளவும் அது அனைவருக்கும் அனுமதி அளிக்கிறது. மலைகளுக்கும் ஏரிகளுக்கும் நதிகளுக்கும் செல்லும் வழியை ஜனங்களுக்குத் திறந்து வைப்பது சர்க்காரின் கடமை என்றும் கூறுகிறது.

இச்சட்டம் எழுந்த காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். நாஜி ஆட்சியும் யுத்தமும் விட்டுச் சென்ற பாழின் நடுவே, மியூனிக் நகரம் இடிந்து கிடந்த சமயம். ஜனங்கள் 1946 டிசம்பர் 1-ந் தேதி வாக்களித்து அதை ஏற்றார்கள். 8-ந் தேதி அது அமலுக்கு வந்தது. அதற்கு மறுநாள்தான் டில்லியில் நமது அரசியல் நிர்ணய சபை முதன்முதலாகக் கூடிற்று. உண்ண உணவும் ஒதுங்கக் கூரையும் அரிதாயிருந்த வேளையிலும், ஏழையின் குழந்தை மலையைக் காண வேண்டும் என்பதை மறவாமல் சட்டத்தில் பொறித்தார்களே, அது சாமானிய காரியமா?

அந்த உரிமைக்கு இன்று சோதனை வேறு விதமாக வந்திருக்கிறது. மின்சார சைக்கிள்கள் பெருகியதால் முன்பு ஏற முடியாதவர்களும் மேலே வருகிறார்கள். முதியோருக்கு அது பெரும் வரப்பிரசாதம். ஆனால் கூட்டம் பெருகவே, நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் இடையே மனஸ்தாபம் உண்டாகிறது. அந்தி வேளையில் மேய வரும் காட்டு மிருகங்கள் கலைந்து ஓடுகின்றன. தகுந்த பாதைகளிலேயே சைக்கிள் செல்லலாம், நடப்பவருக்கே முதலிடம் என்று சட்டம் விதித்திருக்கிறது. எனினும் ஒவ்வொரு வளைவிலும் ஒரு சேவகனை நிறுத்திவைக்க யாராலும் முடியாது.

தடுப்புக் கம்பம் மோட்டாரை நிறுத்திவிடும். மனிதனுடைய அவசரத்தை நிறுத்தாது. பாட்டனார் தலைமுறை பாழுக்கு நடுவே எழுதி வைத்த உரிமை பேரர்களுக்கும் நிலைக்க வேண்டுமானால், எதிரே நடந்து வரும் கிழவருக்காக வேகத்தைக் குறைத்து, ஒரு வார்த்தை வணக்கம் சொல்லி, வழிவிட்டுப் போகும் பண்பு ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். அந்த வெண்சரளைப் பாதைகளைக் காப்பாற்றும் வேலையில் பாதி சர்க்காருடையது. மீதிப் பாதி அவற்றில் போகிறவர்களுடையது.