ஆயில் குடிக்கும் ஆசாமி

படூரில் எங்கள் வீட்டு வாசலில் நிற்பது, அப்பா 1993-ல் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ்.100. வெறும் 98 சி.சி.தான்; ஆனால் 11 குதிரைசக்தி! 1996-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். நம்ம மீட்டரோ லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி, மறுபடி பூஜ்யத்திலிருந்து கிளம்பிவிட்டது.

டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு பெட்ரோல் மட்டும் போதாது, ஸார். கூடவே ஆயிலையும் எரித்தால்தான் பிஸ்டன் பிழைக்கும். மஸ்தா ஆர்.எக்ஸ்.7 என்கிற ரோட்டரி என்ஜின் ஸ்போர்ட்ஸ் காரும் இப்படித்தான் ஆயில் குடிக்கும். பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்! ஆயில் டேங்க் காலியானால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். எரிந்த ஆயில் கரியாகி சைலன்ஸரை அடைக்கும். உள்குழாயை உருவி, நெருப்பில் சுட்டுத் தட்டினால்தான் வண்டி மூச்சு விடும். கோவளம் பக்கம் என்பதால் உப்புக்காற்று, துரு எல்லாம் இலவசம்.

சிறுசேரி ஐ.டி. பையன்கள் வந்து விலை கேட்கிறார்கள். அவர்கள் சொல்லும் தொகைக்குப் புது வண்டியே வாங்கலாம். "குடுத்துத் தொலைங்களேன்" என்கிறாள் மனைவி. அப்பாவுக்கு இப்போது காது மந்தம். காலிங்பெல் அடித்தால் கேட்காது. ஆனால், நான் தெருமுனை திரும்பும்போதே எழுந்து வந்து கேட்டைத் திறந்துவிடுகிறார்.

2028-ல் ஆர்.சி. புதுப்பிக்கணும். அதுவரை விற்கிற பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டேன்.