14 நட்சத்திரம், ஒரே அர்ச்சனைச் சீட்டு

 

மார்கழி பூசைக்கு வர்றவங்க ஆளாளுக்கு என்னைக் கேட்டுக்கிட்டே இருக்கீங்க. "அண்ணே, அம்மாவை ரொம்ப நாளா காணோமே?" "உங்க வீட்டுல எல்லாருக்கும் டிங்கியாமே?" "பொண்ணு எஸ்.பி.எம். எழுதுச்சே, என்ன ஆச்சு?" அர்ச்சனைச் சீட்டு எழுதுற இடத்துல நின்னு ஒருத்தருக்குப் பதில் சொன்னா, பின்னாடி வரிசையில நிக்கிறவங்க முறைக்கிறாங்க. அதனால எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிடுறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுத்துக்குங்க.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். எங்க வீட்டுல 14 பேர். கிள்ளானில் ஒட்டினாப்போல ரெண்டு டேரஸ் வீடு. அம்மா, நான், மனைவி, மகன், மருமகள், பேத்தி. ரெண்டாவது தம்பி குடும்பம் நாலு பேர், கடைசித் தம்பி குடும்பம் நாலு பேர். நம்ம கோவில் சீட்டுல எட்டு வரிதான் இருக்கு. மீதி ஆறு பேரையும் பின்பக்கம் எழுதுவேன். குருக்கள் தாளைத் திருப்பும்போதே "உங்க வீடா?"ன்னு சிரிப்பார்.

2025 ஆரம்பமே சரியில்ல. பொங்கலுக்கு மூணு நாள் இருக்கும்போது அம்மா குளியலறையில வழுக்கி விழுந்துட்டாங்க. 78 வயசு. இடுப்பெலும்பு முறிவு. அரசாங்க மருத்துவமனையில ஆபரேஷன் பண்ணினாங்க. படுக்கவே விடக்கூடாது, சீக்கிரமா நடக்க வைக்கணும்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். அம்மாவுக்கு வலியை விடப் பெரிய கவலை, அந்த வருஷப் பால்குட நேர்த்தி. "நான் படுத்திருக்கேன்னு நீங்க நிறுத்திடாதீங்க"ன்னு ஒரே பிடிவாதம்.

பிப்ரவரி 11, தைப்பூசம். விடியக்காலையில வேன்ல 11 பேர் பத்துமலைக்குக் கிளம்பினோம். ஃபெடரல் ஹைவேயில வேன் நின்னு போச்சு. பேட்டரி. மஞ்சள் துணி கட்டின குடம் மூணு, பேத்தி மடியில ஒரு பொட்டலம் முறுக்கு, எல்லாரும் ரோட்டோரம். கடைசியில தம்பி மட்டும் வேனோட நின்னுட்டான். மத்தவங்க சுபாங் ஜெயாவுல கொமுட்டர் ஏறி, கே.எல். சென்ட்ரல்ல மாறிப் போய்ச் சேர்ந்தோம். ரயில் முழுக்க மஞ்சள்தான். குடத்தை மடியில வச்சிருந்த ஒரு பெரியவர், "வேன் நின்னா என்ன, வேல் நிக்கலையே"ன்னார். 272 படி ஏறி இறங்கினப்போ மதியம் ஆயிடுச்சு. கடைசித் தம்பி மகனுக்கு அதுதான் முதல் பால்குடம். ஒரு சொட்டு சிந்தாம கொண்டு போனான். இந்தப் பதிவுல நான் முக்கியமா சொல்ல வந்தது அவனைப் பத்தித்தான்.

ஆறே நாள்ல, பிப்ரவரி 17, பள்ளி திறந்துச்சு. அவன் தங்கச்சிக்கு அன்னிக்குத்தான் தமிழ்ப்பள்ளியில ஆண்டு 1. அவ உயரத்துக்கு ஒரு பை. காலையில 40 போட்டோ எடுத்திருப்பாங்க. அவனுக்கு அன்னிக்கு மதியம் இடைநிலைப்பள்ளி, ஆனா படிவம் 1 இல்ல, புகுமுக வகுப்பு. நாம பெராலிஹான்னு சொல்வோமே, அது. அவன் கிளம்பும்போது பெரியவங்க எல்லாம் வேலைக்குப் போயாச்சு. நடைச்சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு அவங்க பாட்டிதான் வாசல்ல நின்னாங்களாம்.

சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்காரங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளியில ஆறாம் ஆண்டு முடிச்ச பிள்ளைக்கு மலாய்மொழி போதலைன்னா, படிவம் 1க்கு முன்னாடி ஒரு வருஷம் இந்த வகுப்பு. யூ.பி.எஸ்.ஆர். தேர்வை 2021ல எடுத்துட்டாங்க, இந்த வகுப்பு மட்டும் இருக்கு. இடைநிலைப்பள்ளியில அறிவியல், வரலாறு, எல்லாமே மலாய்ல. எஸ்.பி.எம்.ல மலாய்மொழியும் வரலாறும் தேறலைன்னா சான்றிதழே கிடையாது. அப்போ அஸ்திவாரத்துக்கு ஒரு வருஷம் குடுக்கிறது நல்லதுதானே? கணக்கு சரி. ஆனா 13 வயசுப் பையன் கணக்கு வேற. கூடப் படிச்சவன் எல்லாம் படிவம் 1, தான் மட்டும் பின்னாடின்னுதான் அவனுக்குத் தெரியும்.

கடைசித் தம்பிக்கு இது இன்னும் கஷ்டம். அவனும் அந்தக் காலத்துல இதே வகுப்புல உட்கார்ந்தவன்தான். படிவம் 2லயே நின்னுட்டு லோரி பட்டறைக்குப் போனான். மார்ச் மாசம் ஒரு ராத்திரி மகன், "நானும் பட்டறைக்கே வர்றேன்ப்பா"ன்னு சொன்னப்போ, தம்பி கையிலிருந்த தட்டைத் தூக்கி எறிஞ்சான். சாம்பார் சுவரெல்லாம். அப்புறம் வெளியில போய் ரொம்ப நேரம் லோரிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். எங்க வீட்டுல 14 பேர் பேசினா காது வலிக்கும். அன்னிக்கு ஒருத்தரும் பேசல.

ஏப்ரல் 24, எஸ்.பி.எம். முடிவு. ரெண்டாவது தம்பி மகளுக்கு 6 ஏ. வீட்டுல கேசரி, போன் மேல போன். மறுநாள் வெள்ளிக்கிழமை எல்லாரும் கோவிலுக்கு வந்தோம். நம்மள்ல ஒரு அக்கா அன்பாத்தான் கேட்டாங்க: "அக்கா 6 ஏ. நீ என்னய்யா, படிவம் 1ஆ?" அவன் தலையை ஆட்டினான். ஆட்டிட்டு வெளியில போய், செருப்பு ஸ்டாண்ட் பக்கத்துல உட்கார்ந்துட்டான். தீபாராதனைக்குக்கூட உள்ளே வரல. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் கோவில் பக்கமே வரல. பால்குடம் எடுத்த பிள்ளை.

யாரையும் குத்திக் காட்டல. "சாப்பிட்டியா"ன்னு கேட்கிற மாதிரித்தான் நாம எல்லாரும் இதைக் கேட்கிறோம், வேற பேச்சு தெரியாததால. பிள்ளைங்ககிட்ட கேட்க வேற விஷயம் இருக்கு. திருநீறு எடுத்துக்கிட்டியா, மணி அடிக்கிறியா, இன்னிக்கு உபயம் யாரு வீடு. எனக்கு இதெல்லாம் கேட்டா பதில் வருது. முயற்சி பண்ணிப் பாருங்க.

அவனை மாத்தினது யாருன்னா, அம்மாவோட இடுப்புன்னுதான் சொல்லணும். அவனுக்கு மதியப் பள்ளி. காலையில வீட்டுல இருக்கிறது அவனும் பாட்டியும்தான். அதனால ஃபிசியோவுக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போற வேலை அவன் தலையில விழுந்துச்சு. வாரம் ஒரு தடவை, நான் கார்ல இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன். அட்டையைக் கொடுக்கிறது, நம்பர் கூப்பிட்டா எழுந்திரிக்கிறது, எல்லாம் அவன். அம்மாவுக்குத் தெரிஞ்ச மலாய் தோட்டத்துல பால் வெட்டின காலத்து பாசார் மலாய். "சாக்கிட் சினி, சாக்கிட் சானா", அவ்வளவுதான். எங்கே வலி, எப்போ வலி, ராத்திரி தூங்க முடியுதா, மாடிப்படி உண்டா, இதெல்லாம் அந்த மலாய்க்கார அம்மா கேட்க, இவன்தான் மாத்தி மாத்திச் சொல்லணும். முதல் நாள் வேர்த்துக் கொட்டுச்சாம். தப்பா சொன்னா அவங்க சிரிக்கல, மெதுவா திருப்பிச் சொல்லிக் கொடுத்தாங்களாம்.

மாத்திரைப் பை விஷயம் தனிக் கூத்து. அம்மா அது வரைக்கும் நிறம் பார்த்துத்தான் போட்டுக்கிட்டு இருந்தாங்க. இவன் ஒவ்வொண்ணா படிச்சு, "செபெலும் மாக்கான்" ஒரு பக்கம், "செலெபாஸ் மாக்கான்" ஒரு பக்கம்னு பிரிச்சு, மேலே தமிழ்ல எழுதி ஒட்டினான். சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின். எழுத்துப்பிழையோடதான்.

ஜூலையில டிங்கி. ரெண்டாவது தம்பி, என் மருமகள், ஆண்டு 4 படிக்கிற தம்பி மகன், ஒரே வாரத்துல மூணு பேர். காய்ச்சல் இறங்கினதும் சரியாயிடுச்சுன்னு நினைக்காதீங்க, அந்த நேரம்தான் ஆபத்து. மருமகளுக்கு அப்படித்தான், காய்ச்சல் விட்ட அன்னிக்குத்தான் வார்டுல சேர்த்தோம். சுகாதார அதிகாரிங்க வந்து பின்னாடி காலி மனையில கிடந்த டயர்ல புழுவைக் காட்டினாங்க. துளசித் தொட்டிக்குக் கீழே வைக்கிற தட்டு, ஐஸ்பெட்டிக்குப் பின்னாடி இருக்கிற தட்டு, ரெண்டையும் வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவச் சொன்னாங்க. நீங்களும் பாருங்க. அவங்க கொடுத்த பாரத்தை நிரப்பினது யாருன்னு நான் சொல்ல வேண்டாம்.

மகள் படிவம் 6ல சேர்ந்துட்டா. "6 ஏ வாங்கிட்டு ஏன் படிவம் 6?"ன்னு கேட்டவங்களுக்கு: எஸ்.டி.பி.எம். எழுதிப் பல்கலைக்கழகம் போறதும் ஒரு வழிதான், செலவும் குறைவு. ராத்திரி அவதான் தம்பிக்கு மலாய்க் கட்டுரை திருத்துவா. சிவப்புப் பேனா ரெண்டு தீர்ந்துச்சு.

அக்டோபர் 2, விஜயதசமி. பேத்திக்கு நம்ம கோவில்லயே ஏடு தொடக்கினோம். "அ" எழுதச் சொன்னா, அரிசியை அள்ளி வாயில போட்டுக்கிட்டா. குருக்கள் கையைப் பிடிச்சு எழுத வச்சார். 27ஆம் தேதி சூரசம்ஹாரத்துக்கு அம்மா வந்தாங்க, நீங்க நிறைய பேர் பார்த்தீங்க. கைத்தடியோட. பக்கத்துல பிடிச்சுக்கிட்டு நின்னது அவன்தான். அன்னிக்குத்தான் அவன் ஏப்ரலுக்கு அப்புறம் மூலஸ்தானம் வரைக்கும் வந்தான். நடுவுல வந்ததெல்லாம் மடப்பள்ளிப் பாத்திரம் கழுவுறதோட சரி.

டிசம்பர்ல வகுப்பு முடிஞ்சது. பாஸ். மார்க் பெரிசா ஒண்ணும் இல்ல, நடுத்தரம். "நெனெக் சாயா", என் பாட்டின்னு அவன் எழுதின கட்டுரையை மட்டும் ஆசிரியர் வகுப்புல வாசிக்கச் சொன்னாராம். அதை வீட்டுல மலாய்ல வாசிச்சுக் காட்டினான். அம்மாவுக்குப் பாதி புரியல. கடைசித் தம்பிக்கு முழுசா புரிஞ்சது. எழுந்து போய் லோரியைக் கழுவ ஆரம்பிச்சுட்டான், ராத்திரி ஒன்பது மணிக்கு.

ஜனவரி 12, படிவம் 1. சட்டை தைக்கக் கொடுத்தாச்சு.

சரி, கோவில் விஷயம். அடுத்த தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. நம்ம தண்ணீர்ப் பந்தலுக்கு ஆள் வேணும். காய் நறுக்க சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வாங்க, கத்தி நீங்களே கொண்டு வாங்க, போன வருஷம் கத்தி பத்தல. மோர் ஊத்துறதுக்கு எங்க வீட்டுப் பையன் பேர் கொடுத்துட்டான். அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து கப் எடுத்துக் கொடுக்கிறாங்களாம். இன்னும் எட்டு பேர் வேணும்.