மூன்று எழுத்தும் ஒரு கேடயமும்

2023ஆம் ஆண்டின் முதலிரு மாதங்களை ரொறன்ரோவில் மகள் வீட்டில் கழித்தேன். வெளியே முழங்காலளவு பனி. பாடசாலை விட்டு வந்ததும் பதினான்கு வயதுப் பேரன் கணினியின் முன் அமர்ந்துவிடுவான். அவனோடு பேச வேண்டுமாயின் அந்தத் திரையைச் சாட்டித்தான் பேச வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே விளங்கிக்கொண்டேன். ஆகவே ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் அருகே அமர்ந்தேன்.

அவன் விளையாடியது டயாப்லோ 2. கலிபோர்னியாவிலிருந்த பிளிசார்ட் நோர்த் என்ற கூடம் உருவாக்கி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆட்டம். படங்களைப் புதுக்கி 2021இல் மீண்டும் வெளியிட்டார்கள். தான் பிறப்பதற்கு முன் பிறந்த ஆட்டத்தை அவன் ஏன் விரும்புகிறான் என்று கேட்டேன். "இதிலதான் சாமான் செய்யலாம் அம்மப்பா" என்றான். பேய்களையும் எலும்புக்கூடுகளையும் வெட்டி வீழ்த்துவதுதான் ஆட்டம் என்று எண்ணியிருந்த எனக்கு அந்த விடை புதிதாக இருந்தது. கவனித்துப் பார்த்தபோது அவன் சொன்னது சரியென்று தெரிந்தது. சண்டையிலும் பார்க்கப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பதிலேயே அவனுடைய நேரம் கூடுதலாகக் கழிந்தது.

ஆட்டத்தின் இரண்டாம் பாகத்தில், பாலைவன நகரொன்றின் அருகே, ஹொராட்ரிக் கனசதுரம் என்றொரு பெட்டி கிடைக்கிறது. பையில் நான்கு கட்டங்களை மாத்திரம் பிடிக்கும். உள்ளே பன்னிரண்டு கட்டங்கள் இருக்கும். வெளியே சிறிது, உள்ளே பெரிது. அதற்குள் குறித்த பொருள்களை இட்டுப் பொத்தானை அழுத்தினால் அவை மறைந்து வேறொன்று தோன்றும். ஒரே வகையும் தரமும் கொண்ட மூன்று இரத்தினங்களை இட்டால் அடுத்த தரத்து இரத்தினம் ஒன்று வரும். மூன்று அதியுயர் இரத்தினங்களோடு ஒரு மந்திரப் பொருளையும் இட்டால் அப்பொருளின் குணங்கள் முற்றாக மாறி அமையும். முன்னிலும் நல்லதாகவோ கெட்டதாகவோ. இந்தக் கடைசி வகை சூதாட்டம். எனக்கு அதில் மனம் செல்லவில்லை. என் மனம் சென்றது ரூன்களில்.

ரூன் என்பது வட ஐரோப்பியரின் பழைய எழுத்து. அவர்களுடைய மிகப் பழைய வரிசையில் 24 எழுத்துக்கள். ஆட்டத்தை ஆக்கியவர்கள் தாமாகவே பெயர் சூட்டி 33 கற்களை வைத்தார்கள். எல் என்பது முதலாவது, ஸொட் கடைசி. 2001இல் வந்த விரிவாக்கத்தில்தான் இவை சேர்ந்தன. கொல்லப்பட்ட பேயிடமிருந்து எப்போதாவது ஒன்று விழும். குழிகள் உள்ள வாளிலோ கேடயத்திலோ பதித்தால் அந்தக் கல்லுக்குரிய பலன் கிடைக்கும். அது சாதாரண விடயம். ஆனால் மந்திரம் ஏதும் ஏறாத வெறும் பொருளில், சரியான எண்ணிக்கையில் குழிகள் இருந்து, சரியான கற்களைச் சரியான ஒழுங்கில் பதித்தால் அவை ஒரு சொல்லாகிவிடும். அதை ரூன் சொல் என்கிறார்கள். மூல ஆட்டத்தில் அந்தச் சொற்களின் பட்டியல் எங்கும் காட்டப்படவில்லை. விளையாடுகிறவர்கள் வெளியே தேடிக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பேரனும் ஒரு கொப்பியில் பென்சிலால் எழுதி வைத்திருந்தான்.

இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியனாகச் சேர்ந்தபோது பக்கங்கள் யாவும் ஈய எழுத்திலேயே கோக்கப்பட்டன. ‘கொ’ என்ற ஓர் எழுத்துக்குக் கொம்பு, க, கால் என மூன்று துண்டுகள். கொம்பு முன்னே, கால் பின்னே. அச்சுக் கோப்பவரின் விரல்கள் கண்ணைக் கேளாமலே அந்த ஒழுங்கை அறிந்திருந்தன. மூன்று குழி, மூன்று கல், ஓர் ஒழுங்கு என்று பேரன் சொல்லச் சொல்ல எனக்கு மையின் மணம் வந்தது.

ஐந்தாம் பாகம் பனிமலையில் நடக்கிறது. சிறைப்பட்ட போர்வீரர்களை மீட்டுக் கொடுத்தால் அவ்வூர்ப் படைத்தலைவன் மூன்று ரூன்களைப் பரிசாகத் தருகிறான்: டால், ரால், ஓர்ட். கேடயத்தில் பதித்தால் டால் நஞ்சையும், ரால் நெருப்பையும், ஓர்ட் மின்னலையும் நூற்றுக்கு 35 வீதம் தடுக்கும். ரால், ஓர்ட், டால் என்ற ஒழுங்கில் பதித்தாலோ ‘ஏன்ஷன்ட்ஸ் பிளெட்ஜ்’, அதாவது முன்னோரின் உறுதிமொழி, என்ற சொல் பிறக்கும். அப்போது நான்கு வகைத் தாக்குதலுக்கும் மேலதிகமாக 13 சேரும். குளிருக்குத் தனியே இன்னும் 30 சேரும். ஆகவே முந்திய மூன்றும் 48, குளிர் 43. மூன்று எழுத்தில் எதுவும் குளிரைத் தடுப்பதில்லை. சொல் தடுக்கிறது. பனிமலையில் அது எத்தகைய வரம் என்பதை ரொறன்ரோவில் இருப்பவருக்கு விளக்க வேண்டியதில்லை.

மகள் சாப்பிட அழைத்தாள். "மூண்டையும் நீங்களே போடுங்கோ அம்மப்பா, நான் சாப்பிட்டிட்டு வாறன்" என்று சுட்டியை என் கையில் தந்துவிட்டு அவன் எழுந்து போனான். கொப்பி பக்கத்திலேயே திறந்து கிடந்தது. நான் பார்க்கவில்லை. பையில் கிடந்த வரிசைப்படி டாலை இட்டேன், ராலை இட்டேன், ஓர்ட்டை இட்டேன். ரூன் சொல் பிறந்தால் பெயர் பொன்னிறமாகும். பெயர் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது.

பேரன் திரும்பி வந்து பார்த்தான். சத்தம் போடவில்லை. "ஒழுங்கு மாறிப் போச்சு. இனி எடுக்கேலாது" என்றான். இந்த ஆட்டத்தில் பின்னோக்கிச் செல்ல வழியில்லை. செய்தது செய்ததாகவே பதிவாகிவிடும். பதித்த கற்களை அகற்ற ஒரு முறை உண்டு. ஹெல் என்ற 15ஆவது ரூனையும், ஊர் திரும்பும் மந்திரச் சுருள் ஒன்றையும், கேடயத்தையும் கனசதுரத்தில் இட்டால் கேடயம் வெறுமையாகித் திரும்பி வரும், கற்கள் அழிந்துவிடும். அழியப் போகும் கற்களிலும் ஹெல் அரிது. ஆகவே எவரும் அதைச் செய்யார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கேடயத்தினால் அல்ல.

மேலே சொன்ன பத்திரிகையில், ஓரிரவு, கடைசிப் பக்கம் பூட்டும் நேரம். ஒரு மரண அறிவித்தலை இடம் மாற்றச் சொன்னேன். வரிகளைத் தூக்கி வைத்த மூத்த அச்சுக்கோப்பாளர், "தம்பி, ஒருக்கா ஒப்புநோக்கிப் போட்டு விடுவம்" என்றார். பத்திரிகைக் கட்டுகள் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று நான் அவசரப்படுத்தினேன். எழுத்து ஒன்றேனும் பிழையில்லை. இரண்டு வரிகள் இடம் மாறியிருந்தன. இறந்தவரின் பெயர் நிற்க வேண்டிய இடத்தில், தகவல் தந்த மகனின் பெயர் நின்றது. மறுநாட் காலை அந்த மகன் சைக்கிளில் வந்து அலுவலக வாசலில் நின்றார். அவரும் சத்தம் போடவில்லை. பத்திரிகையை மடித்தபடி நீட்டினார். ஆசிரியர் விசாரித்தபோது அச்சுக்கோப்பாளர், "என்ர பிழை ஐயா" என்றார். அவருக்கு ஒரு வாரச் சம்பளம் போயிற்று. நான் வாய் திறக்கவில்லை. அவர் இப்போது இல்லை. இதை இன்றுதான் எழுதுகிறேன்.

ஈய எழுத்தைப் பிரித்து மீண்டும் அதனதன் அறையில் போடலாம். அச்சான தாளைப் போட முடியாது.

மறுநாள் பேரனிடம், இழந்தவற்றை மீளப் பெற வழியுண்டா என்று கேட்டேன். உண்டு. முதலாம் பாகத்தில் பாழடைந்த கோபுரமொன்றின் அடியில் ஐந்து நிலவறைகள். ஐந்தாவதில் கவுண்டஸ் என்ற பிரபுப்பெண் இருக்கிறாள். அவளைக் கொன்றால் கீழ்நிலை ரூன்கள் விழும். ஆட்டத்தை விட்டு வெளியேறி மீண்டும் நுழைந்தால் அவளும் மீண்டும் உயிரோடு இருப்பாள். மூன்று டாலைக் கனசதுரத்தில் இட்டால் ஒரு ரால். மூன்று ராலை இட்டால் ஓர் ஓர்ட். முதல் ரூனான எல்லிலிருந்தே தொடங்கினால் ஓர் ஓர்ட்டுக்கு எத்தனை வேண்டும் என்று கடித உறையின் பின்புறத்தில் கணக்கிட்டுப் பார்த்தேன். மூன்றை எட்டு முறை பெருக்க வேண்டும்: 6,561. பேரன் சிரித்தான். எங்களுக்குத் தேவைப்பட்டது நான்கு ராலும் ஒரு டாலும்தான்.

பதினொரு மாலைகள் அந்தக் கோபுரத்தில் இறங்கினோம். அவன் வெட்டினான், நான் கொப்பியில் கணக்கு வைத்தேன். கிடைத்ததையும் கரைத்ததையும் இரண்டு பத்தியாக எழுதினேன். இடையிடையே அவன் ஊரைப் பற்றிக் கேட்டான். அச்சகத்தைப் பற்றியும் கேட்டான். அந்த மரண அறிவித்தலையும் சொன்னேன். "அவரிட்ட சொறி சொன்னீங்களோ?" என்றான். இல்லை என்றேன். அவன் மேலே எதுவும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் மாலை எல்லாம் கைக்கு வந்தன. மூன்று குழியுள்ள வேறொரு கேடயம் அவனுடைய பெட்டகத்தில் கிடந்தது. சுட்டியை மீண்டும் என்னிடம் தந்தான். நான் கொப்பியை அவனிடம் கொடுத்து, ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னேன். அச்சகத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர் பார்ப்பதைப் போல.

"ரால்" என்றான். இட்டேன். "ஓர்ட்." இட்டேன். மூன்றாவதற்கு முன் நிறுத்தி, மீண்டும் ஒருமுறை வாசி என்றேன்.

"டால்தான் அம்மப்பா, போடுங்கோ."