மூன்று கிலோ அரிசி

பேத்திக்குச் சென்னையில் எம்.எஸ்ஸி. குவாண்டிடேடிவ் ஃபைனான்ஸ் படிக்க இடம் கிடைத்தது. கணிதம், புள்ளியியல், புரோகிராமிங் மூன்றையும் சேர்த்துச் சந்தைக் கணக்குகளைப் போடும் படிப்பு. 36 வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். எனக்கு ஏகப்பட்ட பெருமை. "லேப்டாப் என் செலவு" என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். அதற்காக ஒன்றரை லட்ச ரூபாய் டெபாசிட் ஒன்றை முதிர்வுக்கு முன்பே முறிக்கவும் தயாராக இருந்தேன்.

கடைக்கு அவளையும் அழைத்துப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அங்கிருந்த பையன், "ஃபைனான்ஸ் கணக்குன்னா கேமிங் லேப்டாப்தான் சார் தாங்கும்" என்றான். பெரிய திரை, தனி கிராஃபிக்ஸ் கார்டு, விலை 1,35,000 ரூபாய். கையில் வாங்கிப் பார்த்தேன். நல்ல கனம். எனக்குப் பிடித்துவிட்டது.

பிடித்ததற்குக் காரணம் உண்டு. 1974இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது கிளையில் ஒரு ஃபேசிட் இயந்திரம் இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் கடகடவென்று பெருக்கும். ஜூன் 30, டிசம்பர் 31 வந்தால் சேமிப்புக் கணக்குகளுக்கு அரையாண்டு வட்டி போட வேண்டும். மாதாமாதம் 10ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையே இருந்த குறைந்தபட்ச இருப்பை எடுத்துக் கூட்டி, வட்டி கண்டு, லெட்ஜரில் ஏற்றி முடிக்க நள்ளிரவாகும். அத்தனைக்கும் அந்த இரும்பு இயந்திரம் அசையாது. கனமான பொருள்தான் உழைக்கும் என்ற எண்ணம் அன்று மனதில் விழுந்தது.

பேத்தியிடம் "எப்படிம்மா?" என்றேன். "உங்க இஷ்டம் தாத்தா" என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் பணத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

இரவு சாப்பிடும்போது என் மனைவி கேட்டாள்: "அது எவ்வளவு எடை?"

"ரெண்டு கிலோ முந்நூறு. சார்ஜர் ஒரு எழுநூறு கிராம் இருக்கும்."

"அவ தாம்பரத்துல சித்தி வீட்டுல இருந்து கிண்டி வரைக்கும் ரயில், அப்புறம் பஸ். ரெண்டு வருஷம் முன்னால வண்டியில விழுந்து காரை எலும்பு முறிஞ்சது ஞாபகம் இருக்கா?"

எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

"பின்னே அவ ஏன் வாயைத் திறக்கலை?"

"உங்க பணம். வேண்டாம்னு சொன்னா நீங்க முகத்தைத் தூக்கி வச்சுக்குவீங்க."

மறுநாள் காலை என் மனைவி அவளுடைய பழைய பையில் மூன்று கிலோ அரிசியைப் போட்டு என் தோளில் மாட்டிவிட்டாள். "சமாதானபுரம் பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வாங்க." போனேன். போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது இரண்டு முறை தோள் மாற்றினேன். அப்போதுதான் உறைத்தது. ஃபேசிட்டை யாரும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதில்லை. அது மேசையில் இருந்தது, நாங்கள் அதனிடம் போனோம். இவள் வாங்கப்போவது கூடவே வருகிற மேசை.

வந்ததும் பேத்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "உனக்கு என்னதான் வேணும்? மனசுல இருக்கறதைச் சொல்லு." ஒரு தாளை எடுத்து வந்தாள். எல்லாவற்றையும் முன்பே எழுதி வைத்திருக்கிறாள்!

"ஒரு பங்கோட விலை ஒரு வருஷத்துல எப்படியெல்லாம் போகலாம்னு லட்சம் தடவை போட்டுப் பார்ப்போம் தாத்தா. மான்டி கார்லோன்னு பேரு. வருஷத்துக்கு 250 வேலை நாள்னு வச்சா ரெண்டரைக் கோடி எண். ஒவ்வொண்ணும் 8 பைட். மொத்தம் 200 எம்.பி. பத்து பங்குன்னா 2 ஜிபி. விண்டோஸும் பிரவுசரும் ஏற்கெனவே நாலஞ்சு ஜிபி பிடிச்சிருக்கும். அதனால 8 ஜிபி ரேம் பத்தாது, 16 வேணும்."

"பின்னால ரேம் கூட்டிக்கலாமே?"

"மெலிசான லேப்டாப் பலதுல ரேமை போர்டுலயே பற்றவச்சிருப்பாங்க. வாங்கும்போதே பார்த்து வாங்கணும்."

"கிராஃபிக்ஸ் கார்டு?"

"விளையாடவும், பெரிய ஏ.ஐ. மாடல்களைப் பழக்கவும்தான் அது முக்கியம். வகுப்புக் கணக்குக்குத் தேவையில்லை. எப்பவாவது வேணும்னா கூகுள் கோலாப்ல கொஞ்ச நேரம் இலவசமாவே கிடைக்கும்."

எடை குறைவு என்றால் மேக்புக் ஏர் ஆயிற்றே என்றேன். 13 அங்குலம் 1.24 கிலோதான். பைதான், ஆர் இரண்டும் அதில் நன்றாகவே ஓடும். ஆனால் எக்செல்லில் பவர் பிவட் போன்ற சில வசதிகள் விண்டோஸில் மட்டும்தான் உண்டு. ஃபைனான்ஸ் வேலைக்கு எக்செல்லை விட முடியாது என்றாள்.

கடைசியில் 14 அங்குல விண்டோஸ் லேப்டாப், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி., எடை 1.3 கிலோ, 82,000 ரூபாய்க்கு வாங்கினோம். போன் சார்ஜரைப் போலச் சின்னதாக ஒரு டைப்-சி சார்ஜர். டெபாசிட்டைத் தொடவில்லை, சேமிப்புக் கணக்கிலிருந்தே கொடுத்தேன். வாங்கும் முன் கடையிலேயே பத்து நிமிடம் அதில் தட்டச்சு செய்து பார்த்தாள். விசைப்பலகை கைக்கு ஒத்து வர வேண்டுமாம்.

பேரன் பேத்திக்கு லேப்டாப் வாங்கப் போகும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் பிள்ளையிடம் கேளுங்கள். "உங்க இஷ்டம் தாத்தா" என்று பதில் வந்தால் இன்னொரு தடவை கேளுங்கள்.