எம்.சி.ஓ.பி. குறிப்புகள்

அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் அடிபட்டவரைக் கிடத்தியதும் டியூட்டி டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "எப்படி ஆச்சு?" தூக்கி வந்தவர் பதற்றத்தில், "பைக்ல இருந்து விழுந்துட்டாருங்க" என்கிறார். பின்னால் வந்த கார் இடித்துத்தான் விழுந்தார் என்பதைச் சொல்ல அந்த நேரத்தில் வாய் வருவதில்லை. டாக்டர் தன் காதில் விழுந்ததை விபத்துப் பதிவேட்டில் எழுதிவிடுகிறார். எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்வது இதைத்தான். பிறகு எஃப்.ஐ.ஆரில் கார் நம்பர் வருகிறது. ஆனால் வழக்கு விசாரணைக்கு வரும் நாளில் இன்ஷூரன்ஸ் வக்கீல் கையில் எடுப்பது ஏ.ஆர். காப்பியை. "தானாக விழுந்தார் என்று உங்கள் ஆளே சொல்லியிருக்கிறாரே?" இந்த ஒரு வரியால் தள்ளுபடியாகும் வழக்குகள் உண்டு.

கூடப் போகிறவர் சொல்ல வேண்டியது அதிகமில்லை. எந்த வண்டி இடித்தது, எந்த இடம், மணி என்ன. வண்டி எண் தெரிந்தால் அதையும் சொல்லி எழுத வைக்க வேண்டும்.

*

நம் மேல் தப்பு இல்லை, அதனால் பணம் வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆவது பிரிவில் நஷ்டஈட்டு மனு (இதுதான் எம்.சி.ஓ.பி.) போட்டால், எதிர் வண்டி ஓட்டியவரின் கவனக்குறைவை நாம்தான் நிரூபிக்க வேண்டும். தப்பு யாருடையது என்ற கேள்வியே இல்லாமல் பணம் தரச் சொல்வது 164-ஆவது பிரிவு. உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம். எலும்பு முறிந்தாலே கொடுங்காயம்தான்.

தப்பைப் பார்க்காமல் கொடு என்ற எண்ணம் நம் சட்டத்துக்குள் வந்தது 1982-இல். அன்று உயிருக்கு 15,000 ரூபாய். 1988 சட்டத்தில் 25,000, 1994-இல் 50,000. அதற்குப் பிறகு 2022 மார்ச் வரை அது அசையவில்லை. 28 வருஷம்! ஒரு குடும்பத்தின் சம்பாத்தியக்காரர் சாலையில் செத்துப்போனால் உடனடி உதவி 50,000 ரூபாய் என்று வைத்திருந்தோம். இதை எழுதும்போதே மனசு கொதிக்கிறது.

ஆனாலும் பழைய ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருந்தது. அந்தத் தொகையை வாங்கிக்கொண்டு பெரிய வழக்கையும் நடத்தலாம், கடைசியில் கழித்துக்கொள்வார்கள். இப்போது அப்படியில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியோடு சமரசமாகி 164-இன்படி பணத்தை வாங்கினால், 166-இல் போட்ட மனு அதோடு காலாவதியாகிவிடும். கையெழுத்துப் போடும் பலருக்கு இது தெரியாது.

30 வயதுக் கொத்தனார் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதம் 20,000 சம்பாதிக்கிறார், கால் போனதில் சம்பாதிக்கும் திறன் 40 சதவீதம் குறைந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கில் வகுத்த பட்டியல்படி அவர் வயதுக்குப் பெருக்கு எண் 17. கணக்குப் போட்டால் 16,32,000 ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு, பட்ட வலி, வருங்கால வருமான உயர்வு எல்லாம் இதற்கு மேல். இவர் 2.5 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடலாமா?

சாட்சியே இல்லை, அல்லது தப்பு நம் பக்கம்தான் என்றால் 164 பெரிய துணை. அதில் சந்தேகமில்லை.

*

ஊனச் சான்றிதழில் மெடிக்கல் போர்டு போடும் சதவீதம் உடம்பைப் பற்றியது. பிழைப்பைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது. 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன உதாரணத்தை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. இரண்டு பேருக்கு இடது கை போய்விட்டது. ஒருவர் தச்சர், இன்னொருவர் அரசு குமாஸ்தா. சான்றிதழில் இருவருக்கும் ஒரே சதவீதம். தச்சருக்கோ தொழிலே முழுசாகப் போயிற்று. குமாஸ்தாவுக்கு வேலை தொடரலாம். அதனால் என்ன வேலை செய்தார், அதை இந்தக் கையால் இனி செய்ய முடியுமா என்பதற்குச் சாட்சி வேண்டும். மேஸ்திரி வந்து கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். கூலி வாங்கிய நோட்டு இருந்தால் அதுவும் சாட்சிதான்.

வீட்டு வேலை பார்க்கும் பெண்களுக்கு வருமானம் இல்லை என்று யாராவது சொன்னால் விட்டுவிடக் கூடாது. அவர்கள் உழைப்புக்கும் மதிப்புப் போட வேண்டும் என்று 2021-இல் கீர்த்தி வழக்கில் தெளிவாகவே தீர்ப்பு வந்திருக்கிறது.

*

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனியைத் தேட முடியாது. அதற்குத் தனித் திட்டம் இருக்கிறது: உயிருக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. மனு தருவது வருவாய்த்துறையிடம்.

*

வண்டி ரிப்பேர் சின்ன விஷயம். சர்வேயர் பார்க்கும் முன் பிரிக்காதீர்கள், போட்டோ எடுத்து வையுங்கள், சின்ன டென்ட்டுக்காக நோ கிளெய்ம் போனஸை இழக்காதீர்கள். அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமானது பாலிசிக்குள் இருக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு. சொந்த வண்டியை லைசென்ஸோடு ஓட்டிய உரிமையாளர் விபத்தில் இறந்தால், தப்பு அவருடையதாகவே இருந்தாலும் அவர் குடும்பத்துக்கு உரிய பணம் அது. "அவர் மேலதான் தப்பு, ஒண்ணும் கிடைக்காது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பாலிசியைப் பிரித்தே பார்க்காத வீடுகள் இருக்கின்றன.

*

வார்டுக்குள்ளேயே வந்து வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பவர்களுக்குப் போட்டுக் கொடுக்காதீர்கள். விபத்து எந்த மாவட்டத்தில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே எம்.சி.ஓ.பி. போடலாம். 6 மாதத்துக்குள் போட வேண்டும் என்கிறது சட்டம். இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போயிருக்கிறது, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். போன் எண் 15100.