மூத்தவன் என்ற அதிகாரம்

என் தம்பிக்குப் பொறுப்பே வரவில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அவனுக்குப் பொறுப்பு வரவிடாமல் தடுத்தவனும் நானே. இதை அவனிடம் நேரில் சொல்லிவிட்டேன். என்னைப் போல இன்னும் பல வீடுகளில் மூத்த பிள்ளைகள் இருப்பதால் எழுதியும் வைக்கிறேன்.

தமிழக–கேரள எல்லையில் கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் முதலமடைப் பஞ்சாயத்தின் மாந்தோப்புகள். எங்களுக்கும் ஒரு தோப்பு உண்டு. மற்ற ஊர்களுக்கு முன்பே இங்கே காய் இறங்கிவிடுவதால் வடநாட்டுச் சந்தையில் கிராக்கி அதிகம். குத்தகை பேச வியாபாரிகள் தேடி வருவார்கள். அப்பா போனபிறகு பேரம் பேசுவது, அட்வான்ஸ் வாங்குவது, கணக்கு நோட்டில் எழுதுவது எல்லாம் என் கையில். தம்பி டிராக்டர் ஓட்டுவான், பெட்டி தூக்குவான், சொன்னதைச் செய்வான். வியாபாரி அவனிடம் ஏதாவது கேட்டால்கூட நான் முந்திக்கொள்வேன்: "அவன் கடைக்குட்டிங்க, செல்லமா வளந்தவன். அவனுக்கென்னங்க தெரியும்?" அவன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிடுவான்.

தங்கைக்குச் செய்தது இதைவிட மோசம். நடுவில் பிறந்தவள் அனுசரித்துப் போவாள் என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். பொள்ளாச்சியில் கல்லூரியில் சேர அவள் விண்ணப்பம் வாங்கி வந்தபோது பணமுடை. "அடுத்த வருசம் பாத்துக்கலாம் கண்ணு" என்றேன். அடுத்த வருஷம் அவளும் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தோம்.

மூத்த பிள்ளை பொறுப்பானது, கடைசிப் பிள்ளை செல்லத்தால் கெடுவது என்ற கருத்தைப் பரப்பியவர் ஆஸ்திரிய மருத்துவர் ஆல்பிரட் அட்லர். அதைப் படித்தபோது எனக்குச் சாதகமாகச் சாட்சி கிடைத்ததுபோல் மகிழ்ந்தேன். 'மூத்தது மோழை, இளையது காளை' என்ற நம் பழமொழி இதற்கு நேர் எதிராகச் சொல்வதை வசதியாக மறந்தேன்.

பிறகு வந்த ஆய்வுகள் என் சாட்சியைக் கலைத்துவிட்டன. 2015-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில் 20,000-க்கும் மேற்பட்டோரை வைத்துச் செய்த ஆய்வில், பொறுப்புணர்வு உள்ளிட்ட முக்கியக் குணங்களில் பிறந்த வரிசையால் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. 2007-இல் நார்வேயில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களின் அறிவுத்திறன் மதிப்பெண்களைப் பார்த்தார்கள். மூத்தவர்கள் சற்று முன்னே நின்றார்கள். ஆனால் மூத்த பிள்ளை சிறுவயதிலேயே இறந்துபோன வீடுகளில், இரண்டாவதாகப் பிறந்தவர்களும் அதே மதிப்பெண்ணை எட்டியிருந்தார்கள். வரிசை அல்ல, வீடு கொடுத்த இடம்தான் காரணம். நம் நாட்டிலோ இது உடம்பிலேயே தெரிகிறது. சீமா ஜெயச்சந்திரனும் ரோகிணி பாண்டேயும் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூத்த மகனுக்குக் கிடைக்கும் கவனிப்பு அடுத்தடுத்த பிள்ளைகளுக்குக் குறைவதால் அவர்களுடைய உயரமும் குறைகிறது. எங்கள் வீட்டிலும் முதல் தட்டு எனக்குத்தான் விழும்.

ஆக, நான் பெருமைப்பட்ட பொறுப்பு பிறவிக் குணமல்ல, பழக்கம். அந்தப் பழக்கத்துக்கான வாய்ப்பு முழுவதையும் நானே வைத்துக்கொண்டேன்.

நோட்டு இப்போது தம்பியிடம். முதல் பேச்சுவார்த்தையிலேயே, மழையில் பூ கொட்டினால் நஷ்டம் யாருக்கு என்பதை எழுதி வாங்கினான். எனக்கு அது ஒருபோதும் தோன்றியதில்லை. தங்கையின் பங்கை அவள் பெயருக்கே எழுதிக் கொடுத்தேன். அது பரிகாரமல்ல, அவளுக்கு உரியது. படிப்பைத் திருப்பித் தர என்னிடம் வழியில்லை.

பெற்றவர்களே, மூத்தவர்களே, எந்தப் பிள்ளையின் குணத்தையும் அது பிறந்த வரிசையை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். பணமும் முடிவும் எல்லாப் பிள்ளைகளின் கையிலும் முறைவைத்துப் புழங்கட்டும்.